கட்டிலில் படுத்து வரைந்த ஜன்னல்

அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்த முதல் வாரம். மதியம் மாத்திரை கொடுக்கப் போனேன். "நாள் பூரா இந்த ஃபேனைத்தான்பா பார்த்துக்கிட்டுக் கெடக்கேன். வெளியில மழையா வெயிலான்னுகூடத் தெரியல" என்றார். அம்மா எதற்கும் குறை சொல்லும் ஆள் இல்லை. அதனாலேயே அது மனதில் தைத்துவிட்டது.

அன்று மாலை வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவர் கூடத்துக்குப் போன நேரத்தில், அந்தக் கட்டிலில் நான் படுத்துப் பார்த்தேன். பத்து வருடமாகப் புழங்கும் அறை. ஆனால் நின்றும் நடந்தும் பார்த்த அறைதான் எனக்குத் தெரியும். படுத்தால் அது வேறு அறை. தலையணையில் தலை வைத்தபோது கண் தரையிலிருந்து 2½ அடியில் இருந்தது. ஜன்னலின் அடிவிளிம்போ 3¼ அடியில். அதற்கு மேலே தெரிந்ததெல்லாம் சன்ஷேடின் கறை படிந்த அடிப்பக்கமும் ஒரு சாண் வானமும்தான். ஜன்னலுக்கு வெளியே பத்தடி தள்ளி ஒரு கொய்யா மரம் நிற்கிறது. அம்மா கையால் நட்டது. பகலெல்லாம் அணிலும் குருவியும் அதில்தான் கிடக்கும். அத்தனை பக்கத்தில் இருந்தும் அது அவர் கண்ணுக்கு எட்டவில்லை.

ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வைப் பற்றி முன்பே படித்திருந்தேன். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் எடுத்துப் பார்த்தார். பாதிப் பேரின் ஜன்னலில் மரங்கள், மீதிப் பேரின் ஜன்னலில் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சீக்கிரமே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. படித்தபோது 'அப்படியா' என்று நகர்ந்துவிட்டேன். இப்போது அந்தச் செங்கல் சுவர்ப் பக்கம் என் அம்மா படுத்திருக்கிறார் என்று தோன்றியது. ஜன்னலை மாற்றுவது என்று அன்றிரவே முடிவு செய்தோம்.

முதலில் அளவு. டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டில் எல்லோர் கண்ணையும் அளந்தேன். அம்மா படுத்தால் 2½ அடி, சாய்ந்து உட்கார்ந்தால் 3½ அடி. ஆறு வயது மகள் நின்றால் 3¼ அடி. நாற்காலியில் உட்கார்ந்தால் என் மனைவிக்கும் எனக்கும் சுமார் 4 அடி. அந்தப் பழைய ஜன்னல் நிற்கும் பெரியவர்களுக்காக மட்டுமே வைத்த ஜன்னல் என்று அப்போதுதான் புரிந்தது. படுத்திருப்பவர் கண்ணிலிருந்து மரத்தடி தெரிய வேண்டும் என்றால் அடிவிளிம்பு கண்ணைவிட ஓர் அடியாவது கீழே இருக்க வேண்டும். ஆக 1½ அடி. அகலம் 4 அடியிலிருந்து 6 அடி. உடைப்பதற்கு முன்னால் பழைய போர்வையை அந்த அளவுக்கு மடித்துச் சுவரில் ஒட்டி, ஒரு வாரம் அப்படியே விட்டோம். அம்மா இரண்டு நாளில் சொன்னார்: "இன்னும் ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்து, மரத்தோட கவட்டை தெரியட்டும்." நகர்த்தினோம். காகிதத்தில் வரைந்திருந்தால் இந்த ஒரு சாண் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அது மேற்குப் பார்த்த சுவர். மேற்கு வெயிலுக்குச் சன்ஷேடு உதவாது. உச்சி வெயிலை அது தடுக்கும், ஆனால் மாலைச் சூரியன் தாழ்ந்து வந்து நேராக உள்ளே குத்தும். வெயில் விழும் இடத்தை மணிக்கு ஒரு தரம் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தோம். இது மகளின் வேலை, ஒரு நாளும் தவறவில்லை. நாலு மணி தாண்டியதும் வெயில் கட்டிலைத் தொட்டது. ஐந்தேகாலுக்குக் கொய்யா மரம் அதை வாங்கிக்கொண்டது. இடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் சமாளித்தாக வேண்டும். அதற்கு மூங்கில் தட்டி போதும் என்று முடிவு செய்தேன், ஆனால் வெளிப்பக்கம். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் திரையில் படும், அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே தட்டி தொங்கினால் சூடு வெளியோடு போய்விடும், இடுக்கு வழியாக மரமும் தெரியும்.

சரி, உடைக்கலாம் என்று கொத்தனாரை அழைத்தோம். முப்பது வருடமாகச் சுவர் கட்டுகிறவர், எங்களுக்கெல்லாம் அண்ணன். வந்தவர் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. குனிந்து சுவரின் அடியைத்தான் பார்த்தார். விரலால் சுரண்டினார். பூச்சு மாவாக உதிர்ந்தது, உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"தம்பி, இதை வச்சுக்கிட்டு ஜன்னலைப் பெருசாக்காதீங்க. சுவத்துல தண்ணி நிக்குது."

அதுவரை அந்தச் சுவரில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தோம். ஆறே மாதத்தில் உப்பிக்கொண்டு வந்துவிடும். ஈரம் அறைக் காற்றிலிருந்து படிகிறதா, சுவருக்குள்ளிருந்து வருகிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டிவிட வேண்டும். இரண்டு நாள் கழித்துத் தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் காற்றில் இருக்கிறது. உள்பக்கம் நனைந்திருந்தால் சுவரில் இருக்கிறது. எங்கள் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது.

காரணம் கொல்லையில் இருந்தது. சேறாகிறது என்று சில வருடங்களுக்கு முன் நாங்கள்தான் அங்கே முழுக்கச் சிமெண்ட் தரை போட்டோம். மண்ணைக் கொட்டி மேடாக்கி அதன் மேல் போட்டதால் வெளித்தரை ஏறக்குறைய உள்தரை மட்டத்துக்கு வந்துவிட்டது. அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் இருக்க ஒரு தடுப்புப் பட்டை போட்டிருப்பார்கள், டிபிசி என்பார்கள். வெளிமண் அந்தப் பட்டைக்கு 6 அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். நாங்கள் போட்ட தரை அந்தப் பட்டையையே மூடியிருந்தது. போதாக்குறைக்குத் தரையின் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, சுவரை நோக்கி இருந்தது. மொட்டைமாடிக் குழாயும் அங்கேயே கொட்டுகிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். அந்தக் குழாய்க்கு வரும் மாடிப் பரப்பு சுமார் 20 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழைக்கு 500 லிட்டர், அத்தனையும் அந்தச் சுவரின் காலடியில்.

ஆகவே வேலை ஜன்னலில் தொடங்கவில்லை, கடப்பாரையில் தொடங்கியது. சிமெண்ட் தரையை முழுக்கப் பெயர்த்தோம். அடியில் இருந்த மண் கருத்து, நாற்றமெடுத்து, ஒரு புழுகூட இல்லாமல் இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு மிகவும் மனம் கஷ்டப்பட்டது. கொய்யா ஏன் இரண்டு வருடமாகச் சோர்ந்து நின்றது என்பதும் புரிந்தது. கொட்டிய மண்ணை அள்ளி எடுத்து, வெளித்தரையை உள்தரைக்கு 9 அங்குலம் கீழே இறக்கினோம். சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு ஜல்லி. மழைத்துளி மண்ணில் விழுந்தால் சேறு சுவரில் தெறிக்கும், ஜல்லியில் விழுந்தால் உடைந்து அப்படியே இறங்கிவிடும். அதைத் தாண்டி வாட்டம் முழுக்க மரத்தை நோக்கி, ஐந்தடிக்கு ஒரு அங்குலம். கண் மதிப்புக்கு விடவில்லை, மட்டம் பார்க்கும் லெவல் டியூபில் தண்ணீர் நிரப்பிப் பிடித்துத்தான் முளை அடித்தோம். மாடிக் குழாயைத் திருப்பிச் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி ஒரு உறிஞ்சுகுழிக்குக் கொண்டு போனோம். குழி வெட்டும் முன் ஒரு அடி ஆழத்துக்குச் சின்னப் பள்ளம் தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். முதல் தடவை ஊற்றுவது கணக்கில்லை, காய்ந்த மண் குடித்துவிடும். இரண்டாம் தடவை மணிக்கு 2 அங்குலம் இறங்கியது. தாராளமாகப் போதும் என்றார் அண்ணன்.

உப்புப் பூத்த பூச்சை மூன்றடி உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைக் காயவிட்டோம். ஓர் அங்குலத் தடிமன் காய ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. 9 அங்குலச் சுவர் முழுக்கக் காயும்வரை காத்திருக்க முடியாது. அதனால்தான் மறுபடி சிமெண்ட் பூசாமல் சுண்ணாம்பு பூசினோம். சிமெண்ட் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும், சுண்ணாம்பு மெல்ல மெல்ல வெளியே விடும். ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். இது காற்றில் உள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகுவது, அவசரப்பட்டால் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு ஒரு வாரம் பக்குவமாகப் பார்த்தோம். சுண்ணாம்பு வேலையில் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் விடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வையைப் பறித்துவிடும். மேலே பிளாஸ்டிக் பெயின்டும் அடிக்கக் கூடாது. அடித்தால் செய்த வேலை வீண்.

சுவர் காய்ந்த நாட்களில்தான் லிண்டல் வேலை, அதாவது ஜன்னலுக்கு மேலே சுவரின் பாரத்தைத் தாங்கும் உத்தரம். பாரம் தாங்கும் சுவர் என்பதால் கட்டுமானப் பொறியாளர் வந்து பார்த்த பிறகே கை வைத்தோம். இதைத் தவிர்க்கவே முடியாது, தவிர்க்கவும் கூடாது. சுவரின் பாதித் தடிமனுக்கு ஒன்று, மறு பாதிக்கு ஒன்று என இரண்டு லிண்டல்களைத் தரையிலேயே வார்த்து 28 நாள் வைத்திருந்தோம். முட்டுக் கொடுத்து, ஒரு பாதியைக் கொத்தி ஒரு லிண்டலைச் செருகி, அது பிடித்த பிறகு மறு பாதி. இரு பக்கமும் 9 அங்குலம் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. பழைய ஜன்னலும் அதற்குக் கீழே இருந்த சுவரும் அதன் பிறகுதான் இறங்கின.

சுவர் திறந்த அன்று சாயங்காலம் அம்மாவைக் கொண்டுவந்து படுக்க வைத்தோம். கட்டையும் தூசியுமாக இருந்தது. சட்டமில்லை, கண்ணாடியில்லை, வெறும் ஓட்டை. மரத்தின் அடியிலிருந்து உச்சிவரை தெரிந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அந்தக் கிளையில பட்டை உரியுது பாரு, பழைய பட்டை. அடியில பச்சையா இருக்கு" என்றார். கொய்யாப் பட்டை அப்படித்தான் மெல்லிய ஏடாகக் கழன்று விழும். அந்த மரத்தடியில் எத்தனையோ தடவை நடந்தும் அதை நான் நின்று கவனித்ததில்லை.

இனி தண்ணீர் உள்ளே வராத வேலை. தாழ்ந்த ஜன்னல் என்றதும் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். ஜன்னலடியில் ஒரே கல்லாகப் பலகை போட்டு, 6 அங்குலத்துக்கு அரை அங்குலம் வெளிச்சரிவு கொடுத்தோம். சுவரைத் தாண்டி 2 அங்குலம் நீட்டி, நீட்டிய பாகத்தின் அடியில் நீளவாக்கில் ஒரு காடி, அதாவது பள்ளக்கோடு. இந்தக் காடியை அண்ணன் எனக்குச் செய்தே காட்டினார். காடி வெட்டாத கல் துண்டு ஒன்றைச் சாய்த்துப் பிடித்து ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் விளிம்பில் விழாமல், அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே ஊர்ந்து அவர் மணிக்கட்டு வரை வந்தது. அப்புறம் காடி வெட்டிய கல்லில் ஊற்றினார். காடியின் ஓரம் வரை வந்த தண்ணீர் அதைத் தாண்ட முடியாமல் திரண்டு, சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்தது. "இவ்வளவுதான் தம்பி. தண்ணிக்கு விழ ஒரு எடம் காட்டணும்" என்றார்.

பழைய சன்ஷேடின் அடியில் கறை படிந்ததற்கும் இதுவே காரணம், அங்கே காடி கிடையாது. விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தள்ளிக் கிரைண்டரால் ஆழமில்லாமல் ஒரு கோடு இழுத்தார். சுவரிலிருந்து நீட்டி நிற்கும் சன்ஷேடில் முக்கியக் கம்பிகள் மேல்பக்கம் இருக்கும், அதனால் அடியில் மேலாக வெட்டுவதில் பயமில்லை. மேல்பக்கம் மட்டும் கை வைக்கவே கூடாது.

கண்ணாடியில் நான் ஒரு தவறு செய்தேன். நடுவில் 4 அடிக்கு அசையாத கண்ணாடி, இரு பக்கமும் திறக்கிற குறுகிய கதவுகள், அவற்றுக்குக் கொசுவலை. இது திட்டம். குழந்தை ஓடிவந்து மோதக்கூடிய உயரம் என்பதால் சாதாரணக் கண்ணாடி கூடாது. கடினப்படுத்திய இரண்டு கண்ணாடித் தகடுகளின் நடுவே ஒட்டுப்படலம் வைத்தது வேண்டும், உடைந்தாலும் அப்படியே தொங்கும், கொட்டாது. இந்தக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர வைக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு நூல்கூட வெட்ட முடியாது, வெட்டப் போனால் பொடியாகிவிடும். இதெல்லாம் தெரிந்தும், மரச்சட்டம் வருவதற்கு முன்பே திறப்பை அளந்து கண்ணாடிக்குச் சொல்லிவிட்டேன். அகலமும் உயரமும் அளந்தேன், மூலைக்கு மூலை குறுக்கே அளக்கவில்லை. சட்டம் 9 மில்லிமீட்டர் கோணலாக உட்கார்ந்திருந்தது. கண்ணாடி வந்த அன்று மூன்று மூலை இறங்கியது, நாலாவது இறங்கவில்லை. சட்டத்தைக் கொஞ்சம் செதுக்கி இறக்கலாமா என்று கேட்டேன். தச்சர் மறுத்துவிட்டார். கண்ணாடி மரத்தைத் தொடாமல் சுற்றிலும் 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், அடியில் ரப்பர் கட்டை மேல்தான் அது நிற்க வேண்டும் என்று சொல்லி, சட்டத்தையே கழற்றி நேராக்கினார். இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாள் அவர் பிடிவாதம் பிடித்ததற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

காற்றுக்கு அதிகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. எதிர்ச்சுவரில் கதவுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர் பலகை அடித்து மூடிக் கிடந்தது, அதைத் திறந்துவிட்டோம். ஜன்னலில் தாழ்வாக உள்ளே வரும் காற்று சூடேறி மேலே எழுந்து அந்த வழியாக வெளியேறுகிறது. ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கட்டிலருகே பிடித்தால் புகை போகும் பாதை அப்படியே தெரியும்.

எல்லாம் முடிந்து மூன்றாவது வாரம், விடியற்காலையில் 'டப்' என்று ஒரு சத்தம். அம்மாதான் கூப்பிட்டார். கல் பலகையின் மேல் ஒரு தேன்சிட்டு கிடந்தது. கட்டைவிரல் கனம்கூட இல்லை. கண் பாதி மூடி, அலகு திறந்து, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பிரதிபலித்த கொய்யாவை நிஜ மரம் என்று நம்பிப் பறந்து வந்திருக்கிறது. மூடியுள்ள அட்டைப் பெட்டியில் துணி விரித்து அதை வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் ஒரு மணி நேரம் விட்டோம். தண்ணீர் புகட்டக் கூடாது, தொட்டுத் தொட்டுப் பார்க்கவும் கூடாது. அந்த ஒரு மணி நேரம் மகள் பெட்டியின் பக்கத்திலேயே பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மரத்தடியில் கொண்டுபோய்த் திறந்ததும் ஒரு கணம் அசையாமல் இருந்தது, அப்புறம் ஒரே எழும்பில் கிளைக்குப் போய்விட்டது.

எல்லாப் பறவைக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு சுமார் 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் வரை கட்டடங்களில் மோதிச் சாகின்றன என்று 2014-ல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. பெரிய கண்ணாடி வைக்கும்போது இதை நான் யோசித்திருக்க வேண்டும். இயற்கையை வீட்டுக்குள் வரவழைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு அதற்கே ஒரு பொறி வைத்துவிட்டேன். கழுகுப் படம் ஒன்று ஒட்டினால் பயன் இல்லை, படத்தைச் சுற்றியுள்ள இடத்தில் பறவை மோதும். கண்ணாடி முழுக்க 2 அங்குலத்துக்கு ஒன்றாகக் குறி வேண்டும், அதுவும் வெளிப்பக்கம், ஏனென்றால் வெளிப்பரப்பில்தான் மரம் பிரதிபலிக்கிறது. அட்டையில் ஓட்டை போட்டு அச்சு செய்து, வெள்ளைப் பெயின்டில் பட்டாணியைவிடச் சற்றுச் சிறிய புள்ளிகள் வைத்தோம். குறுக்கே 24, நெடுக்கே 30, மொத்தம் 720 புள்ளி. மகளும் மனைவியும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்தார்கள். காட்சி கெட்டுவிடுமோ என்று பயந்தேன். கட்டிலிலிருந்து பார்த்தால் இரண்டே நாளில் புள்ளி கண்ணுக்குப் பழகிவிட்டது, மரம்தான் தெரிகிறது. அதற்குப் பிறகு இதுவரை ஒரு பறவையும் மோதவில்லை.

போன வாரம் முதல் பெரிய மழை. இரவு பதினொரு மணிக்கு நான் டார்ச்சோடு வெளியே நின்றேன். சன்ஷேடின் காடியிலிருந்து ஒரே வரிசையாகத் தண்ணீர் சொட்டியது, கறை படிந்த அந்த அடிப்பக்கம் காய்ந்தே இருந்தது. ஜல்லியில் தண்ணீர் நிற்கவில்லை. மாடித் தண்ணீர் குழிக்குள் சலசலவென்று இறங்கும் சத்தம் கேட்டது. உள்ளே வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தேன், மொறமொறவென்று இருந்தது. அம்மா விழித்துத்தான் இருந்தார். விளக்கைப் போட வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"மின்னும்போது பார்த்தேன். மரத்துக்கு அந்தாண்ட மூலையில தண்ணி குட்டையா நிக்குதுப்பா."

அந்த மூலையில் நான் முளை அடித்திருக்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தேன். ஒரு முழ அகலத்துக்கு, இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. கொசு முட்டையிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். மண்வெட்டியை எடுத்து வைத்திருக்கிறேன், லெவல் டியூபுக்கு அண்ணனிடம் சொல்லியாயிற்று. அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடி இடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.